நிலவறை அச்சு அசைந்துவிட்டது

மகனே,

முதலில் காரியத்தைச் சொல்லிவிடுகிறேன், மிச்சத்தைப் பிறகு ஆறுதலாக வாசி. துவக்கில் சுட்டு முடிந்த ரவைகளின் பித்தளைக் கோதுகளைத் திரும்ப நிரப்புவதற்காக நிலவறை மேசையில் நீ பூட்டி வைத்திருக்கிறாயே கையால் அமத்துகிற பிறெஸ், அதில் கோதின் கழுத்தை இறுக்குகிற அச்சு அசைந்துவிட்டது. அதைத் திரும்ப அளவுக்குக் கொண்டுவராமல் ஒரு கோதையும் அதற்குள் விடாதே. அசைத்தது நான் இல்லை, சிந்துஜாவின் தகப்பன் சிவபாதம். அவர் ஏன் அங்கே இறங்கினார், எங்கள் வாசலில் நின்று என்ன கேட்டுவிட்டுப் போனார் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நீ தொலைபேசியை எடுக்கிறாய் இல்லை. நான் பேசி அனுப்பியதையும் நீ கேட்கவில்லை, செய்திக்குக் கீழே வருகிற அந்தக் கோடுகள் நீலமாகவில்லை என்று அம்மா காட்டினாள். எனக்கு எழுத்துத் தெரியாது, ஆனால் நடந்தது நடந்தபடி மனதில் நிற்கும். நான் சொல்லச் சொல்ல அம்மா எழுதுகிறாள். தன் பாட்டுக்கு ஒன்றும் சேர்க்கக்கூடாது என்று சொல்லித்தான் இருத்தினேன். "சேர்த்தால் உங்களுக்குத் தெரியவே போகுது?" என்கிறாள். அதையும் எழுதச் சொன்னேன்.

உன் கலியாணத்தை நான்தான் குழப்பினேன் என்று நினைத்துக்கொண்டு நீ பிராங்பேர்ட்டிலேயே இருந்துவிட்டாய். முன்பெல்லாம் வெள்ளிக்கிழமை பின்னேரம் வேலை முடிந்த கையோடு ரயில் ஏறி இந்தச் சின்ன ஊருக்கு வந்துவிடுகிறவன் நீ. துவக்கும் இங்கே, சுடுகிற சங்கமும் இங்கே. இப்போது உன் அறை பூட்டிக் கிடக்கிறது. நீ கோபப்பட்டதில் பிழை சொல்லமாட்டேன். சிந்துஜாவும் நீயும் சேர்ந்து எங்களிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டீர்கள். கலியாணம் முடியும்வரை துவக்கைப் பற்றி அவள் தகப்பனுக்கு மூச்சும் விடக்கூடாது. காரணத்தையும் அந்தப் பிள்ளைதான் சொன்னாள். நான் இங்கே வந்தபோது ஊரில் சண்டை சூடு பிடிக்கத் தொடங்கியிருந்தது, அவ்வளவுதான். அவர் அப்படியில்லை. கடைசிவரை வன்னியில் இருந்து, பெண்சாதியையும் சின்னப் பிள்ளையையும் இழுத்துக்கொண்டு பதுங்குகுழிக்குப் பதுங்குகுழி மாறி வந்தவர். இங்கே வருசப் பிறப்புக்கு வெள்ளைக்காரர் வாணம் விடும்போது குளிக்கிற அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, எல்லாம் ஓயும்வரை தண்ணீரைத் திறந்துவிட்டு இருப்பாராம். வாடகை வீட்டுக்காரன் தண்ணீர்க் காசைப் பற்றிக் கேட்டால், தனக்கு வயிற்றுக் கோளாறு என்பாராம். அப்படிப்பட்டவருக்கு, உங்கள் மருமகன் ஞாயிற்றுக்கிழமையில் துவக்கு எடுத்துக்கொண்டு போகிறவர் என்று யார் சொல்வது?

நானும் சொல்லவில்லை. சொல்லவேண்டும் என்று நினைக்கவும் இல்லை. சிந்துஜாவின் தாயும் தகப்பனும் கலியாணக் காரியம் கதைக்க வருகிற அன்று காலையிலிருந்து அம்மாதான் என் பின்னால் திரிந்தாள். "துவக்கு, ரவை எண்டு வாயைத் திறந்துபோடாதேங்கோ. ரவை எண்ட சொல்லே வரப்படாது." சட்டை போடும்போது ஒரு தரம், தேத்தண்ணீர் குடிக்கும்போது ஒரு தரம். இப்படிச் சொல்லிச் சொல்லியே அந்தச் சொல்லை எனக்குள் இறுக்கிவிட்டாள். வேலைத்தலத்தில் பித்தளை அடிக்கிற பெரிய பிறெஸ்ஸுக்குப் பக்கத்தில் நின்று நின்று என் இடது காது எப்படி என்பதும் உனக்குத் தெரியும். சிந்துஜாவின் தாய் கமலாக்கா அந்தப் பக்கத்தில்தான் இருந்தா. கலியாணத்துக்குப் பலகாரம் சுடுவதைப் பற்றி அம்மாவோடு கதைத்துக்கொண்டு இருந்திருக்கிறா. பயித்தம் பணியாரம், அச்சுப் பலகாரம், லட்டு என்று போன கதை எதுவும் எனக்கு விழவில்லை. அம்மா குசினிக்குள் எழும்பிப் போக, கமலாக்கா என் பக்கம் திரும்பி, "அண்ணை, வீட்டில ரவை எவ்வளவு வைச்சிருக்கிறியள்?" என்றா. அது மட்டும் தெளிவாக விழுந்தது.

எனக்கு விசயம் வெளிக்கிட்டுவிட்டது என்றுதான் பட்டது. இனி மழுப்பினால் இன்னும் கேவலம். அதனால் உள்ளதைச் சொன்னேன். "ஒரு பெட்டி கிடக்கு, அக்கா. ஆனால் பயப்பிடாதேங்கோ, எல்லாம் வெறுங்கோது."

"கோதோ? ரவைக்குள்ள ஏன் கோது?"

"சுட்டாப் பிறகு கோதுதானே மிஞ்சும்."

"அப்ப நீங்கள் சுட்டே முடிச்சிட்டியளோ? கலியாணத்துக்கு இன்னும் எவ்வளவு கிடக்கு, பழுதாப் போயிடுமே!"

"பழுதாகாது அக்கா. பெடியன் எல்லாத்தையும் கழுவிக் காயவைச்சுத்தான் போட்டிருக்கிறான்."

"ரவையைக் கழுவுறதோ?" என்று அந்த மனுசி குசினிப் பக்கம் திரும்பி, "இஞ்ச வாங்கோ, உங்கட வீட்டில ரவையைக் கழுவித்தானோ வறுக்கிறனியள்?" என்று கூப்பிட்டா. அம்மா கையில் வடைத் தட்டோடு வாசலில் வந்து நின்றாள். அந்த முகத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு விளங்கியது, கமலாக்கா கேட்டது லட்டுப் பிடிக்கிற ரவையை என்று. எழுதுகிறவள் இந்த இடத்தில் பேனையை வைத்துவிட்டுச் சிரிக்கிறாள். அன்றைக்குச் சிரிக்கவில்லை. சிவபாதம் கோப்பையை மேசையில் வைத்தார். "கமலா, அண்ணை சொல்லுறது சாப்பிடுற ரவை இல்லை" என்றார். அதன் பிறகு கொஞ்ச நேரம் ஒருவரும் வடையைத் தொடவில்லை.

அவர் கத்துவார், அல்லது எழும்பிக் காருக்குப் போவார் என்று நினைத்தேன். அவர் கேட்டது, "எங்க வைச்சிருக்கிறியள்?" என்றுதான். துவக்கு இரும்புப் பெட்டிக்குள், அதன் இலக்கம் தம்பிக்கு மட்டும்தான் தெரியும், இங்கத்தைச் சட்டம் அப்படி, வெடிமருந்தும் தனியாகப் பூட்டிக் கிடக்கிறது, என்னால் ஒன்றும் திறக்க ஏலாது என்றேன். "அப்ப கோதைக் காட்டுங்கோ." கமலாக்கா அவர் கையைப் பிடித்தா. "உங்களுக்கென்ன விசரே? இருங்கோ பேசாமல்." "நீர் தேத்தண்ணியைக் குடியும்" என்று கையை எடுத்துவிட்டு எனக்கு முன்னாலேயே படியில் இறங்கினார்.

நீ அந்த மேசையைப் போட்ட காலம் எனக்கு நல்ல ஞாபகம். அந்தப் பிறெஸ்ஸை வைத்து என்ன செய்கிறாய் என்று நான் பக்கத்தில் கதிரை போட்டு இருந்து பார்த்திருக்கிறேன். துவக்கு வெடிக்கும்போது கோது அந்தத் துவக்கின் குழிக்குள் உப்பி, அதன் உருவத்தை அப்படியே எடுத்துக்கொள்கிறது. கழுத்தும் அகன்றுவிடுகிறது, பறந்து போகிற ஈயத் துண்டான புதுச் சன்னத்தை வைத்தால் பிடிக்காமல் ஆடும். திரும்பவும் அதே துவக்குக்குத்தான் என்றால் உடம்பைத் தொடவேண்டியதில்லை, கழுத்தை மட்டும் இறுக்கினால் போதும். இதைச் சொல்லித்தந்தது நீதான். முதல் தடவை அச்சை ஒரே மூச்சில் அடிவரைக்கும் திருகிவிட்டுக் கைபிடியை இழுத்தாய். கோது தோளில் மடிந்து, மிதிபட்ட தகரப் பேணி மாதிரி வந்தது. அடுத்ததும் அப்படி. நீ வாளியில் எறிந்துவிட்டு மேலே போய்ப் படுத்துவிட்டாய். பிறகு உன் சங்கத்துக் கிழவன் உல்ரிச், கழுத்தில் கரி பூசிப் பார்த்தால் அச்சு எதுவரைக்கும் வந்து அழுத்துகிறது என்று தெரியும், பழைய ஆட்கள் மெழுகுதிரிப் புகையில் காட்டுவார்கள் என்று சொன்னானாம். நீ அதை என்னிடம் சொல்ல, நான் கெட்டித்தனமாக மேலே போய்ச் சாமி விளக்கைக் கொளுத்தியபடியே தூக்கிக்கொண்டு இறங்கினேன்.

"அப்பா, நில்லுங்கோ! அதிலயே நில்லுங்கோ!" என்று நீ போட்ட சத்தத்தில் நான் படியில் ஒற்றைக் காலில் நின்றேன். வெடிமருந்துப் பெட்டி திறந்து கிடந்தது. எனக்குப் பின்னால் அம்மா, சாமி விளக்கு எங்கே என்று தேடிக்கொண்டு வந்தாள். நீ கீழிருந்து, "அம்மா, அதை ஊதி நூருங்கோ!" அவள் மேலிருந்து, "சாமி விளக்கை வாயால ஊதி நூர்க்கிறதோ? பூவாலதான் குளிரப் பண்ணவேணும்." சொல்லிவிட்டுப் பூ எடுக்கத் திரும்பிப் போனாள். அவள் பூவோடு வரும்வரை நீயும் நானும் ஆளை ஆள் பார்த்துக்கொண்டு நின்றோம். அதற்குப் பிறகு கறுப்பு மை பேனைதான். கோது நிற்கிற தட்டை மேலே கொண்டுவந்து, அச்சைத் தட்டில் முட்டும்வரை கையால் திருகி, ஒரு சுற்றுப் பின்னுக்கு எடுத்து, மை பூசின கோது ஒன்றைக் கொடுத்துப் பார்ப்பாய். மை தேய்ந்த இடம் கழுத்தில் பாதி என்றால் இன்னும் கொஞ்சம் இறக்குவாய். திரும்பப் பூசுவாய். திரும்பப் பார்ப்பாய். தேய்ந்த கோடு தோளைத் தொடாமல் அதற்குச் சற்று மேலே நின்றபோது பூட்டு வளையத்தை இறுக்கினாய். அதுவரைக்கும் நீ எதையும் பொறுத்துச் செய்து நான் கண்டதில்லை. பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான், கார் ஓட்டப் பழகியபோதும் அப்படித்தான், எல்லாம் ஒரே இழுப்பில் முடிக்கிற அவசரம். அந்தத் துவக்கை நீ வாங்கியபோது எனக்கு விருப்பமில்லை. மரப்பறவையைச் சுட்டு விழுத்துகிறவன்தான் அந்த வருசத்து ராசா என்று சங்கத்தார் ஊர்வலம் போகிறபோது நான் சன்னலால் பார்த்து, இதென்ன விளையாட்டு என்றுதான் நினைத்தேன். கோதுக்கு மை பூசிக்கொண்டு நீ பொறுமையாக இருந்ததைக் கண்ட பிறகு ஒன்றும் சொல்வதில்லை என்று விட்டுவிட்டேன். விருப்பம் வந்ததென்று நினைக்காதே. விட்டுவிட்டேன், அவ்வளவுதான்.

அன்றைக்கு நிலவறையில் சிவபாதம் கோதுப் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். அடியைப் பார்த்தார், கோதின் வாயில் சுண்டுவிரல் நுனியை வைத்துப் பார்த்தார். "கழுத்தில ஏன் கறுப்பு?" என்று கேட்டார். நீ மை பூசி அளவு பார்க்கிற விதத்தை எனக்குத் தெரிந்தபடி சொன்னேன்.

"அப்ப இதைத் திரும்பவும் பாவிக்கிறதோ?"

"ஓம். அதே துவக்குக்கு மட்டும். மற்றதுக்குள்ள விட்டால் சிலவேளை இறுகிப்போடும்."

"ஒண்டையும் எறியமாட்டாரோ தம்பி?"

"எங்க எறியிறது? ஒவ்வொண்டாப் பொறுக்கிக்கொண்டு வருவான். ஒண்டு காணாட்டி முழங்காலில நிண்டு தேடுவான். மற்றவங்கள் விளக்கை நூர்த்துப்போட்டுப் போறம் எண்டு வெருட்டுவாங்களாம்."

சிவபாதம் சிரித்தார். நாங்கள் பொம்பிளை பார்க்கப் போன நாளிலிருந்து அந்த மனுசன் சிரித்து நான் காணவில்லை. சிரித்துவிட்டு, "எங்கட பக்கம் சுட்டவங்கள் ஒருத்தரும் பொறுக்க வரேல்லை, அண்ணை. விடிய வீட்டு முத்தத்தைக் கூட்டினால் கோதாலேயே கடகம் நிரம்பும்" என்றார். கதை சொல்கிற குரலில் இல்லை, மழை பெய்தது என்கிற மாதிரிச் சொன்னார். அவர் பட்ட கதையைக் கேட்டு நாங்கள் தலையாட்டுவது அவருக்குப் பிடிக்காது என்று எனக்குத் தோன்றியது.

பிறகு, "நான் ஒருக்கா அமத்திப் பாக்கட்டோ?" என்றார். கழுவி வைத்திருந்த வெறுங்கோது ஒன்றைத் தட்டில் வைத்துக் கொடுத்தேன். வலது கையால் கைபிடியை இழுத்தார். இடது கையால் அச்சைச் சுற்றிப் பிடித்துக்கொண்டார், பொல்லாத மாட்டைக் கொம்பில் பிடிக்கிற மாதிரி. வளையத்தின் பக்கத்துச் சின்ன ஆணியை நீ சரியாக இறுக்கவில்லை. "அண்ணை, உந்த அச்சைத் திருப்பாதேங்கோ" என்று நான் சொல்லி வாய் மூட முதல் வளையம் ஒரு பக்கமும் அச்சு ஒரு பக்கமுமாகச் சுற்றிவிட்டது.

"ஐயோ, பழுதாக்கிப் போட்டனோ?"

"இல்லை, அளவுதான் மாறிப்போட்டுது. தம்பி வந்து வைப்பான்."

"கோவிப்பாரோ?"

"கொஞ்சம் கோவிப்பான்."

"கோவிக்கட்டும். எனக்கு முன்னால நிண்டு கோவிக்கச் சொல்லுங்கோ. ஆனால் ஒளிக்கவேண்டாம் எண்டு சொல்லுங்கோ. ஒளிச்சு வைச்சால் எனக்கு அது எங்க இருக்கெண்டு தெரியாது. தெரியாத இடத்தில இருக்கிறதுக்குத்தான் நான் பயம்."

நான் அந்த அச்சைத் தொடவில்லை. நீ செய்வதைப் பார்த்திருக்கிறேன் என்றாலும் அது உன் அளவு. அப்படியே கிடக்கிறது.

மேலே வந்து அவர்கள் வெளிக்கிட்டார்கள். கமலாக்கா காரில் ஏறி இருந்த பிறகு சிவபாதம் எதையோ மறந்த மாதிரித் திரும்பி வாசலுக்கு வந்தார். நானும் அவரும்தான். அம்மாவுக்கே நான் பிறகுதான் சொன்னேன். "தம்பி சுடுற இடத்துக்கு என்னை ஒருக்காக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லுங்கோ" என்றார். உங்களுக்கு ஏன் அந்தக் கரைச்சல் என்றேன். "நாளைக்கு என்ர பிள்ளை தம்பி துவக்கு வைச்சிருக்கிற வீட்டிலதான் இருக்கப்போறாள். பேரப்பிள்ளையளும் பிறக்கும். நான் அங்க வந்து, படுத்து எழும்பவேணும். கீழ அந்தப் பெட்டி இருக்கெண்டு தெரிஞ்சுகொண்டு எனக்கு நித்திரை வருமோ எண்டு இப்ப தெரியாது. அந்தச் சத்தத்தைக் கிட்ட இருந்து கேட்டால் தெரியும். ஏலுமெண்டால் கலியாணத்தில முன்னுக்கு நிப்பன். ஏலாதெண்டால் ஏலாதெண்டு தம்பியின்ர முகத்துக்கு நேர சொல்லுவன், பிறகு அவர் யோசிக்கட்டும். அதுவரைக்கும் பலகாரம் சுடவேண்டாம். சிந்துவுக்கு மூச்சு விடாதேங்கோ, அவள் என்னைப் போக விடாள்."

பலகாரச் சூட்டைப் பொறுத்து வைப்போம் என்று கமலாக்கா அடுத்த நாள் தொலைபேசியில் சொன்னது இதனால்தான். சம்பந்தம் முறிந்தது என்று நீ எடுத்துக்கொண்டு, "உங்களால ஒரு நாளைக்கு வாயை மூடிக்கொண்டு இருக்க ஏலாதோ, அப்பா?" என்று கேட்டுவிட்டுத் தொலைபேசியை வைத்தாய். அந்த இடத்தில் என்னைச் சொல்ல விட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேன். அது போகட்டும்.

துவக்கை விற்றுப்போடு என்று நான் சொல்லமாட்டேன். வைத்திரு என்றும் சொல்லமாட்டேன். அது உன் பொருள், அவள் உன் பெண்சாதியாகப் போகிறவள், அந்த மனுசனுக்கு அவள் ஒரே பிள்ளை. இதில் எனக்குப் பிடித்தது பிடிக்காதது என்று ஒன்றும் இல்லை. ஆனால் அவர் உன்னைக் கேட்டிருக்கிறார். இந்த வயதில், அவ்வளவு வெடியையும் கேட்ட காதுகளை வைத்துக்கொண்டு, தானாகக் கேட்டிருக்கிறார். ஆகையால் நீ வரவேண்டும். இந்தச் சனிக்கிழமையே வா. வந்து முதலில் நிலவறைக்குப் போய் அந்த அச்சை அளவுக்கு வை, அவசரப்படாமல் வை. பிறகு அவரைக் கூப்பிடு. சிந்துஜா ஏன் என்று கேட்டால், மாமாவோடு ஒரு வேலை என்று சொல், பொய் இல்லை.

சங்கத்தில் உல்ரிச்சிடம் முன்கூட்டியே கதைத்து, வேறு ஒருவரும் சுடாத நேரமாகப் பார். கண்ணாடிக்குப் பின்னால் கதிரை போட்டு, கதவு எந்தப் பக்கம் என்று காட்டி இருத்து. காதுமூடியை நீயே அவருக்குப் போட்டுவிடு. அவர் எழும்பி வெளியே போனால் பின்னால் ஓடாதே, கதையும் சொல்லாதே, துவக்கைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டுப் போய் அவருக்குப் பக்கத்தில் நில். இருந்தால் இருக்கட்டும். நல்லாச் சுடுவேன் என்று காட்டுகிற நாள் அது இல்லை, ஒன்றே ஒன்றை ஏற்று. ஏற்றிவிட்டு, விரலை வைக்க முதல் திரும்பி அவர் முகத்தைப் பார். "மாமா, இப்ப சுடப்போறன்" என்று சொல். அவர் ஓம் என்று தலையாட்டும் வரைக்கும் பொறு. சுட்டவர்களில் இதுவரை ஒருவரும் அவருக்குச் சொல்லிவிட்டுச் சுட்டதில்லை.

அப்பா